கல்மதகிலிருந்து வந்த காலி வரி

போன வாரம் நீங்கள் நால்வரும் என்னைப் பார்க்கத் திருவையாற்றுக்கு வந்திருந்தீர்கள். நான் விட்டுவந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பரீட்சை எழுதப் போகிறவர்களின் முகம் இன்னும் மாறவில்லை உங்களுக்கு. கிளம்பும் நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், காலையில வர்ற ஃபைல்ல சில வரியில நம்பரே இருக்க மாட்டேங்குது. அந்த எடத்துல என்ன போடறது?"

நான், "காபி ஆறுது, குடிங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

கேட்டவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பதில் எழுதியவள், புரோகிராமில். அந்தப் பதிலை நம்பித்தான் என் மகள் கயல் ஏறியிருந்த பள்ளி வேன், தண்ணீர் ஏறிக் கிடந்த தரைப்பாலத்தில் இறங்கப் போனது. கயல் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையை வெளியில் விளக்குவது கஷ்டம். எங்கள் தெருவில் என்னைப் பற்றி, "அவங்க கம்ப்யூட்டர்ல தண்ணி பாக்கறவங்க" என்றுதான் சொல்வார்கள். அதுவும் சரிதான். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு மதகிலும் ஒருவர் படியிறங்கி, தண்ணீருக்குள் நிற்கும் அளவுகோலைப் பார்த்து, மட்டத்தைப் போனில் அனுப்புகிறார். எல்லாம் ஒரே ஃபைலில் வரிவரியாகச் சேர்கின்றன. ஒரு மதகுக்கு ஒரு வரி. பெயர், கமா, நீர்மட்டம், கமா, மழை.

எனக்கு அது ஃபைலாகத் தெரிந்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விலகாத நேரத்தில் வரிகள் ஒவ்வொன்றாக இறங்கும். கல்லணைக்குக் கீழே பிரிந்த தண்ணீர் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு, ஒரு கிளை வலங்கைமான் பக்கம், ஒரு கிளை குத்தாலம் பக்கம் என்று கடலை நோக்கி நகர்வதை, தூக்கத்தில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன். 0.80. 0.95. 1.10. எண்களுக்கு ஈர மண் வாசனை உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

சிரிக்க வேண்டிய கதை ஒன்றும் இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் கமா கிடையாது. பெயர், மட்டம், மழை மூன்றையும் நடுவில் இடம் விட்டு எழுதுவார்கள். இடம் கண்ட இடத்தில் வரியை வெட்டுவதுதான் என் புரோகிராமுக்குத் தெரிந்த வித்தை. இரண்டாவதாக வருவது மட்டம், மூன்றாவதாக வருவது மழை. ஒரு நாள் வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் ஒரு மதகில் மட்டத்தை விட்டுவிட்டு மழையை மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். காலியாக இருந்த இடத்தைப் புரோகிராம் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற மழை ஓரடி முன்னால் வந்து, மட்டத்தின் இடத்தில் நின்றுகொண்டது. எண்பத்தாறு மில்லிமீட்டர் மழை எண்பத்தாறு மீட்டர் தண்ணீர் ஆகிவிட்டது. வரிகளைக் கோத்துப் புரோகிராம் போடும் அட்டவணை அப்படியே மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது.

பொறியாளர் போன் செய்தார்.

"ஏம்மா, எண்பத்தாறு மீட்டர் தண்ணின்னா பெரிய கோயில் கோபுரமே முழுகியிருக்கணுமே?"

"சார், அது வந்து…"

"நான் அதுக்கு எதுத்தாப்லதான் நின்னு டீ குடிச்சிக்கிட்டிருக்கேன். கலசம் நல்லாத் தெரியுது. சரிபண்ணி அனுப்புங்க."

அன்று முழுக்க வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது அந்தத் தவறின் மேல் எனக்குப் பிரியமே உண்டு. அது தெருவில் நின்று கூச்சல் போட்டது. கோபுரத்தைக் காட்டி என்னைத் திருத்தியது. மறுவாரமே கமா வைத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஓர் எண் விடுபட்டால் இரண்டு கமாக்கள் ஒட்டி நிற்கும், எதுவும் இடம் மாறாது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த இரண்டு கமாக்களுக்கு நடுவில் என்ன போடுவது என்ற கேள்வி அப்போதுதான் ஆரம்பித்தது.

வாரத்துக்கு நாலைந்து வரிகளாவது அப்படி வரும். காரணங்கள் நம் ஊர்க் காரணங்கள்தான். அக்கா மகளுக்குக் காது குத்து, சொந்தத்தில் ஒரு சாவு, கோயிலில் கிடா வெட்டு, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. எனக்கு முன்னால், எல்லாம் பேரேட்டில் இருந்த காலத்தில், அந்த மேசையில் ஓர் எழுத்தர் இருந்தார். கட்டம் காலியாக இருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு உடனே போனை எடுப்பார். "என்னய்யா, கட்டத்தக் காலியா வுட்டிருக்க? ஆள் இருக்கியா இல்லியா?" அலுவலகம் முழுக்கக் கேட்கும். பாதிக் காலை இப்படியே போகும். எல்லா மதகுகளின் போன் எண்களும் உள்ள ஒரு தாளை, ஓய்வு பெற்ற அன்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை மேசை இழுப்பறையில் போட்டேன். ஒரு கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலையைத் தொண்டையால் செய்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர் என்று நினைத்தேன்.

பொறியாளருக்கு ஏழு மணிக்குள் அட்டவணை வேண்டும். அதில் ஓட்டை இருந்தால் அவரைக் கேட்பார்கள், அவர் என்னைக் கேட்பார். நான் யோசித்தேன். நம் ஊர்த் தண்ணீர் அவசரப்படாத தண்ணீர். தரை தட்டையானது, வாய்க்கால்கள் நீளமானவை. நேற்று 0.95 என்றால் இன்றும் 0.95, மிஞ்சிப்போனால் 0.97. பழைய வரிகளை எடுத்து வைத்து ஒப்பிட்டும் பார்த்தேன். நேற்றைய எண் ஏறக்குறைய எப்போதும் சரியாகவே இருந்தது. எனவே புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: காலியாக இருந்தால் நேற்றையதை எடுத்துக்கொள். நடவு முடிந்த வயலில் நாற்று செத்த இடத்தில் வேறு நாற்றை ஊன்றி நிரப்புவார்களே, அதுபோலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைமேட்டுக்காரர்கள் இப்படி ஒரு வரியைக் கனவிலும் எழுதமாட்டார்கள். அங்கே ஓடை ஒரு மணி நேரத்தில் முகம் மாறிவிடும். மெதுவான தண்ணீரோடு வளர்ந்தவளுக்குத்தான் இந்தத் தைரியம் வரும்.

அதற்குப் பிறகு அட்டவணையில் ஓட்டையே இல்லை. நடவு முடிந்த வயல் போல நிறைவாக இருந்தது. பெருமையில் இன்னொன்றும் செய்தேன். காலை ஏழு மணிக்கு அட்டவணை தானாகவே ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்படி வைத்தேன். ஊராட்சிக்காரர்கள், அறுவடை மெஷின் வைத்திருப்பவர்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அப்போது நாங்கள் திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்தோம். கயல் எட்டாம் வகுப்பு. அவள் அப்பா மஸ்கட்டில். நான் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் போய்விடுவேன். பக்கத்து வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு அவளே கிளம்பி வேனில் ஏறிக்கொள்வாள். ஊரிலிருந்து பள்ளிக்கு இரண்டு வழிகள். ஒன்று மெயின் ரோடு, சுற்று. இன்னொன்று வாய்க்கால் கரையோடு போய் ஒரு தரைப்பாலத்தில் இறங்கி ஏறுவது, குறுக்கு. பாலத்துக்கு அரை மைல் மேலே கல்மதகு. கல்மதகில் மட்டம் ஒன்றரையைத் தாண்டினால் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிடும். அப்போது மெயின் ரோடுதான். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

கார்த்திகை மாதம், ஒரு முகூர்த்த நாள். விடியும்வரை நல்ல மழை. நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, வெள்ளைத் துணியை நனைத்துத் தொங்கவிட்டது போல எங்கும் ஒரு மூட்டம். அட்டவணை ஏழு மணிக்குப் போனது. ஏழு இருபதுக்கு வேன் ஓட்டும் சேகர் கூப்பிட்டான்.

"அக்கா, புள்ளைங்கள ஏத்திட்டேன். மெயின் ரோடு பூரா கல்யாண வண்டியா நிக்கிது. பாலத்து வழியாப் போயிரலாமா? குரூப்புல ஒன்னு பத்துன்னு வந்திருக்கு."

நான் திரையைப் பார்த்தேன். கல்மதகு, 1.10.

"ஒன்னு பத்துதான் சேகர். போங்க."

"நீங்க சொன்னா சரிக்கா."

பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அதில் கயலின் சிரிப்பு தனியாகக் கேட்டது போலவும் இருந்தது. போனை வைத்துவிட்டு டீ குடித்தேன். அந்த டீயின் இனிப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அட்டவணையின் அடியில் புரோகிராம் எனக்கு மட்டும் ஒரு குறிப்பு விட்டுப் போகும். நிரப்பிய வரிகள் இத்தனை என்று. அதை நான் படிப்பதில்லை. அன்று ஏன் படித்தேன் என்று தெரியவில்லை. நிரப்பியது: 1. எது என்று அசிரத்தையாக மூல ஃபைலைத் திறந்தேன்.

கல்மதகு,,96

முகூர்த்த நாள், கல்யாணத்துக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. ஃபைலை மூடப் போனேன். அப்போது அந்த 96 என்னை நிறுத்தியது. மழையை எழுதியிருக்கிறார். அப்படியானால் மதகுக்கு வந்திருக்கிறார். மழைமானியைக் கவிழ்த்து அளந்திருக்கிறார். வந்தவர் மட்டத்தை மட்டும் ஏன் எழுதவில்லை?

கல்மதகின் பழைய வரிகளை எடுத்தேன். முந்தைய ஐப்பசி, கார்த்திகை, அதற்கு முந்தையது. 1.60. 1.85. காலி. காலி. 1.90. 1.70. இன்னொரு வருடம். 1.75. 1.95. காலி. 1.90. மற்ற மதகுகளில் காலி எங்கு வேண்டுமானாலும் இருந்தது. இங்கே ஒவ்வொரு முறையும் ஏற்றத்தின் உச்சியில் மட்டுமே இருந்தது. என் புரோகிராம் ஒவ்வொரு உச்சியையும் சீவி, நேற்றைய எண்ணைப் பூசியிருந்தது. அப்போதெல்லாம் நேற்றைய எண்ணே ஒன்றரைக்கு மேல் இருந்ததால் வேன்கள் எப்படியும் மெயின் ரோட்டில்தான் போயிருக்கும். தவறு தவறாகத் தெரியாமலே இரண்டு மூன்று வருடம் தூங்கியிருக்கிறது. இந்தமுறை ஒரே இரவில் 1.10-லிருந்து நேராகக் காலிக்குப் போயிருந்தது.

இரண்டைத் தாண்டிய எண் எங்குமே இல்லை, அப்படியானால் கல்மதகின் அளவுகோல் இரண்டு மீட்டரோடு முடிகிறது. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் பார்க்க எண் கிடையாது.

மணி ஏழு நாற்பது.

சேகரைக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி, பிறகு பிசி என்றே வந்தது. கயலிடம் போன் கிடையாது. கல்மதகில் இருப்பவரைக் கூப்பிடலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அங்கே இருப்பது யார் என்றே எனக்குத் தெரியாது. எனக்கு அவர் ஒரு வரியின் முதல் சொல், அவ்வளவுதான். இழுப்பறையில் இருந்த தாள் ஞாபகத்துக்கு வரவில்லை. சேகர் எண்ணையே பதினோரு முறை அழுத்தியிருக்கிறேன் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அவை வரிசையாக நடக்கவில்லை. ஜன்னலில் வாதுமை மரத்தின் ஓர் இலை மெதுவாகத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி ஓடுகிறதா என்று தெரியாத மாதிரி ஓடியது. கயல் காலையில் எந்த ரிப்பன் கட்டியிருப்பாள் என்று யோசித்தேன். வேன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது, அவள் இறங்குகிறாள், பை ஒரு தோளில் தொங்குகிறது. அடுத்த கணம் வேன் இல்லை, பாலம் இல்லை, காவி நிறத் தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் போகிறது. இரண்டும் மாறி மாறி வந்தன, இரண்டும் கண்ணால் பார்த்தது போலவே வந்தன. திரையில் இரண்டு கமாக்கள் இரு கரைகளைப் போல நின்றன.

போனை மேசையில் வைத்தேன். வைத்த உடனே அது அடித்தது. சேகர் எண். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"ஆபீஸ் மேடமுங்களா?"

முன்பின் கேட்காத குரல், சேகரின் போனிலிருந்து.

"அலோ? ஏங்க, எவ்வளவு நேரமா அடிக்கிறோம், பிசி பிசின்னே வருது?"

"புள்ளைங்க…" என்றேன்.

"புள்ளைங்க வண்டியிலதான் இருக்குதுங்க. இந்தக் கத்து கத்துதுங்களே, கேக்கலியா? நான் வேற ஒன்னு கேக்கணும். கல்மதகுல நான்தான் மட்டம் பாக்கறவ. இன்னிக்கு நான் எழுதவே இல்ல. ஒன்னு பத்துன்னு யாருங்க எழுதினது?"

நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அழுதுவிட்டேன். "சரி சரி, அழுவாதீங்க. வண்டியத் திருப்பி வுட்டாச்சு" என்று குரல் இறங்கியது.

ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பதினோரு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் என்னைக் கூப்பிட முடியாமல் நின்றிருக்கிறார்கள். பதற்றத்தில் நாம் செய்கிற சத்தம், வரவேண்டிய பதிலை வாசலிலேயே நிறுத்திவிடும்.

பாலத்தில் நடந்ததைக் கயல் அன்று சாயங்காலம் நடித்தே காட்டினாள். அவளுக்கு அது நல்ல வேடிக்கை. கரையிலிருந்து பாலத்துக்கு இறங்கும் இடத்தில், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய பூவரசங்கிளையை வெட்டிப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் அம்மா நின்றிருக்கிறார். சேகர் ஹாரன் அடித்திருக்கிறான்.

"அக்கா, கிளைய எடுங்க. ஸ்கூலுக்கு நேரமாவுது."

"தண்ணி போவுது, கண்ணு தெரியலியா?"

"அது மழைத்தண்ணிக்கா, கணுக்கால்தான் இருக்கும். ஆபீஸ்ல ஒன்னு பத்துன்னு போட்டிருக்காங்க. மேடமே சொன்னாங்க."

"அப்ப ஆபீஸ்ல போட்டிருக்கறது மேல வண்டிய ஓட்டிக்கிட்டுப் போ. என் தண்ணியில எறக்காத."

பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். சேகர் போனை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய், கிளையை இழுக்கப் பார்த்திருக்கிறான். அந்த அம்மா ஒரு மூங்கில் கழியை எடுத்துப் பாலம் இருக்கவேண்டிய இடத்தில் ஊன்றிக் காட்டியிருக்கிறார். கழி அவன் இடுப்பளவு உள்ளே போனது. சேகர் வண்டிக்குப் போய்ப் போனை எடுத்து வந்திருக்கிறான். தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன், என் எண்ணை நம்பி அதை மழைத்தண்ணீர் என்று நினைத்திருக்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்மதகுக்குப் போனேன். அத்தனை வருடத்தில் முதல்முறை. தண்ணீர் வடிந்திருந்தது. இரு கரையிலும் சம்பாப் பயிர் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. மட்டம் பார்க்கிறவரின் பெயர் மலர்க்கொடி. என் வயதுதான் இருக்கும். கணவர் அங்கே மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து இறந்துபோக, அந்த வேலையை இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் படிக்கு அழைத்துப் போய் அளவுகோலைக் காட்டினார். இரண்டு என்ற எண்ணுக்கு மேலே வெறும் செங்கல், அதில் பாசி.

"இதுக்கு மேல நம்பர் கெடையாதுங்க. பாக்காத நம்பர நான் எப்படி எழுதறது?"

"அளவு தாண்டிருச்சுன்னு எழுதியிருக்கலாமேங்க?"

"எழுதினேனே. மொத வருசம் அப்படித்தான் அடிச்சேன். ஏறலியே? நம்பரத் தவிர ஒன்னும் ஏறாதுன்னு செவப்புல வருது. அத வச்சது நீங்கதானுங்களே?"

நான்தான். தவறாக எதுவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்று அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதையும் ஏற்காதபடி வைத்திருந்தேன்.

"அப்ப காலியா வுட்டேன். எங்க வீட்டுக்காரரு காலத்துலேருந்து அதுதான் வழக்கம். அளவு முழுகிட்டா காலியா வுட்டுருவாரு. அஞ்சு நிமிசத்துல உங்க ஆபீஸ்லேருந்து ஒருத்தர் கத்துவாரு, 'ஏன் காலியா இருக்கு'ன்னு. இவரு வெவரம் சொல்லுவாரு. இப்ப யாரும் கத்தறதில்ல. சரி, அவங்களுக்கே எல்லாம் தெரியும்போலன்னு இருந்துட்டேன். அன்னிக்கு என்னமோ மனசு கேக்கல. அரை மணி பாத்துட்டு அருவாள எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன்."

அந்த எழுத்தரின் சிவப்புச் சுழியும் தொண்டையும் எதற்கு என்று எனக்கு அந்தப் படியில்தான் புரிந்தது. கல்மதகு காலி வரி அனுப்பினால், என்னைக் கூப்பிடு என்று அர்த்தம். நான் அந்த அழைப்பின் வாயைப் பொத்தி, நேற்றைய எண்ணைப் பேச வைத்திருந்தேன். நாற்று ஊன்றும் கதையை அவரிடம் சொல்லி, அப்படி நினைத்துத்தான் நிரப்பினேன் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாத்த ஊனலாமுங்க. தண்ணிய ஊனுவாங்களா?"

மறுநாள் பொறியாளரிடம் போய், காலி வரிகளை இனி நிரப்பப் போவதில்லை, 'தெரியாது' என்றே அட்டவணையில் போடப்போகிறேன் என்றேன்.

"மேல போற அட்டவணையில தெரியாதுன்னு போடறதா? நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காது சார்."

"அப்புறம்?"

"என் பொண்ணு அந்த வேன்ல இருந்தா சார்."

அவர் நடந்ததைக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடுங்க" என்றார். யார்மேலும் விசாரணை வரவில்லை. எதுவும் நடக்கவில்லையே, எதை விசாரிப்பது? அந்த நாளின் பதிவில் இருந்த 1.10-ஐ நானே அழித்துக் காலியாக்கினேன். பக்கத்தில், 'அளவுகோல் முழுகியது, மலர்க்கொடி நேரில் பார்த்தது' என்று எழுதினேன். நீங்கள் பழைய பதிவுகளைப் புரட்டினால் அந்த ஒரு குறிப்பில் மட்டும் ஒரு பெயர் இருக்கும்.

இப்போது நீங்கள் பார்க்கிற முறை அதற்குப் பிறகு வந்தது. காலி எல்லாம் ஒரே காலி இல்லை என்பதால் மூன்றாகப் பிரித்தேன். ஆள் வரவில்லை, ஆள் வந்தும் அளக்க முடியவில்லை, அளந்தும் நமக்கு வந்து சேரவில்லை. எது என்று ஃபைலுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். வரிக்குப் பக்கத்தில் போன் எண்ணும் பெயரும் வருவது அதனால்தான். சராசரி எடுக்க, படம் வரைய உங்களுக்கு நிரப்பிய எண் தேவைப்படலாம். நிரப்புங்கள், குற்றமில்லை. தனிக் கட்டத்தில், நிரப்பியது என்று எழுதி வையுங்கள். அதை நம்பி யாரும் எங்கும் வண்டியை இறக்கக்கூடாது.

நான் வயது வருமுன்பே விருப்ப ஓய்வு வாங்கியதற்குப் பல காரணங்கள் சொன்னார்கள். உண்மை இதுதான். அதற்குப் பிறகு நாலு வருடம் தினமும் காலை ஆறரைக்கு அந்த ஃபைலைத் திறக்கும்போது கை நடுங்கியது. கிராமத்தை விட்டுத் திருவையாற்று டவுனுக்கு, பாலமே இல்லாத தெருவுக்கு வந்தோம். நடுக்கம் கூடவே வந்தது. நடுங்கும் கை கவனமான கை என்று சொல்வார்கள். அப்படி இல்லை, நடுங்கும் கை தப்பான பொத்தானை அழுத்தும். உங்களிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி பிறக்கிறது. கல்மதகு வரி காலியாக வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிடுங்கள். அந்த அம்மா முதலில் திட்டுவார். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொன்னால் பதில் சொல்வார்.

இதை ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை வெயில் ஏறுகிறது, எங்கோ யாரோ பாட்டுச் சாதகம் செய்கிறார்கள். கோயம்புத்தூர் போனதிலிருந்து கயல் தினமும் காலை ஏழு மணிக்கு 'எழுந்துட்டேன்மா' என்று ஒரு செய்தி அனுப்புவாள். இன்று வரவில்லை. மணி எட்டு இருபது. மனம் முதலில் நேற்றையதை எடுத்துப் போட்டது: நன்றாகத்தான் இருப்பாள். உடனே அடுத்ததை எடுத்துப் போட்டது, காவி நிறத் தண்ணீரை. இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, அது சும்மா இருக்கும்படி விட்டிருக்கிறேன். இன்றைய வரி காலியாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மேலே உள்ள பத்திகளை எழுதினேன்.

எட்டு நாற்பத்தைந்து. அடிக்கிறது.

"அம்மா, லேப்ல இருந்தேன். என்னம்மா, இன்னிக்கு ஒரு மிஸ்டு கால்தான் இருக்கு? உனக்கு உடம்புக்கு ஒன்னும் இல்லையே?"